முள் தைத்த இடத்தில் மூளும் தீ

வெறுங்காலோடு நடந்து செல்லும் ஒருவரின் உள்ளங்காலில் கருவேல முள் ஒன்று தைத்துவிடுகிறது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவர் தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறார். மாலையில் பார்த்தால் அந்த இடம் சிவந்திருக்கிறது. தொட்டால் சுடுகிறது. சற்றே தடித்து வீங்கியிருக்கிறது. காலை ஊன்றினால் வலிக்கிறது. மறுநாள் தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொள்கிறது. மூன்று நான்கு நாள்களில் எல்லாம் வடிந்து, கால் பழையபடி ஆகிவிடுகிறது.

இந்தச் சிவப்பும் சூடும் வீக்கமும் வலியும் எங்கிருந்து வந்தன? முள்ளில் சூடு கிடையாது. முள்ளோடு உட்புகுந்த கிருமியோ கண்ணுக்கே புலப்படாதது. ஓர் அங்குலப் பரப்பை வீங்கச் செய்யும் பருமன் அதற்கு ஏது? நான்கையும் செய்தது அந்த மனிதரின் சொந்த உடம்பேயாகும். வெளியிலிருந்து வந்தது ஒரு சிறு தீங்கு. அதற்கு உடம்பு அளித்த மறுமொழியைத்தான் நாம் கண்ணால் கண்டு, "நோவு" என்று பெயரிட்டு அழைக்கிறோம். நோயியல் என்னும் கல்வியின் வாசற்படி இதுவே எனலாம்.

எங்கள் மதரசாவில் ஓதிச் சென்ற மாணவியர் சிலர் இன்று செவிலியர் படிப்பிலும் மருந்தியல் படிப்பிலும் சேர்ந்திருக்கின்றனர். விடுமுறையில் வரும்போது அவர்கள் அலுத்துக்கொள்ளும் பாடம் இந்த நோயியல்தான். "பெயர்களாகவே இருக்கின்றன, மனப்பாடம் செய்து முடியவில்லை" என்பர். கலைப் பட்டம் பெற்ற எனக்கு அந்தப் பெயர்களெல்லாம் அவர்களைக் காட்டிலும் அந்நியமானவை. ஆயினும் அந்நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. எந்த நோயை எடுத்துக்கொண்டாலும் நூலாசிரியர் நான்கு வினாக்களையே எழுப்புகிறார்: எதனால் வந்தது, எவ்வழியே வளர்ந்தது, உறுப்பில் என்ன மாறுதல் செய்தது, வெளியே எவ்வாறு தெரிந்தது. இந்நான்கனுள் நாம் பெரும்பாலும் முதலாவதையும் கடைசியையும் மட்டுமே கேட்டு நிறுத்திக்கொள்கிறோம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் "எதைத் தின்றார்?" என்கிறோம். இடையில் கிடக்கும் நீண்ட வழியை எண்ணிப் பார்ப்பதில்லை. உயிர் காக்கப்படுவதும் இழக்கப்படுவதும் அந்த இடைவழியில்தான்.

முள் தைத்த காலின் கதைக்கு மருத்துவம் இட்டிருக்கும் பெயர் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. அரபு மொழியில் இதனை இல்திஹாப் என்பர். லஹப் என்னும் தீச்சுடரிலிருந்து பிறந்த சொல் அது. ஐரோப்பிய மொழிகளிலும் இதற்கு வழங்கும் சொல் தீயைக் குறிக்கும் வேரிலிருந்தே வந்தது. வெவ்வேறு மொழிகள் ஒரே உவமையைக் கையாள்வது வியப்பன்று; தொட்டவர் கைக்குச் சுட்டது, அவ்வளவே! கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பார் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்னும் நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக எழுதி வைத்தார். உறுப்பு தன் தொழிலை இழத்தல் என்பதைப் பின்னர் வந்தோர் ஐந்தாவதாகச் சேர்த்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் இன்றைய மாணவர் தேர்வில் எழுதுவது அதே பட்டியலைத்தான்.

பட்டியல் எளிது. உள்ளே நடப்பது என்ன?

முள் தைத்த கணமே அங்குள்ள மெல்லிய திசுக்கள் கிழிபடுகின்றன. அத்திசுக்களிடையே காவற்காரர் போல அமர்ந்திருக்கும் சில அணுக்கள் தம்முள் சேமித்து வைத்துள்ள ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியே கொட்டிவிடுகின்றன. அது பட்டதும் அருகிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. விரிந்த குழாயில் இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது, அதுவே சிவப்பு. உடலின் ஆழத்திலுள்ள வெதுவெதுப்பு அந்த இரத்தத்தோடு தோலுக்கு வந்து சேர்கிறது, அதுவே வெப்பம். குழாய்ச் சுவரின் அணுக்கள் ஒன்றையொன்று விட்டுச் சற்றே விலக, இரத்தத்தின் நீர்ப்பகுதி புரதங்களோடு வெளியே கசிகிறது, அதுவே வீக்கம். வீக்கத்தின் அழுத்தமும், புரோஸ்டாகிளான்டின் முதலிய பொருள்களும் நரம்பு நுனிகளைத் தூண்டுகின்றன, அதுவே வலி. நூலில் நான்கு தனிப் பெயர்களாகத் தெரிந்தவை ஒரே செயலின் நான்கு முகங்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? இப்படிப் படித்தால் மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

நீர் கசிந்து போனதால் குழாய்க்குள் எஞ்சிய இரத்தம் கெட்டிப்பட்டு மெதுவாக ஓடுகிறது. நடு ஓட்டத்தில் விரைந்து சென்றுகொண்டிருந்த வெள்ளணுக்கள் கரையோரம் ஒதுங்குகின்றன. சுவரில் ஒட்டி, உருண்டு, நின்று, பின் தம் உருவத்தை ஒடுக்கிக்கொண்டு அணுக்களின் இடுக்கு வழியாக வெளியேறுகின்றன. கிருமியிருக்கும் இடத்திலிருந்து பரவும் வேதிப்பொருள்களின் தடம்பற்றி, மோப்பம் பிடித்துச் செல்வதுபோல் அவ்விடத்தை அடைந்து கிருமிகளை விழுங்குகின்றன. முதலில் சில மணி நேரத்துக்குள் வந்து சேர்பவை நியூட்ரோபில் எனப்படும் அணுக்கள். அவை குறுகிய ஆயுள் கொண்டவை. போரிட்டு அங்கேயே மடிகின்றன. நாம் அருவருத்துத் துடைத்தெறியும் சீழ் என்பது மடிந்த அவ்வணுக்களும், அழிந்த திசுவும், கசிந்த நீரும் கலந்த குழம்பேயாகும். ஓரிரு நாள் கழித்து வரும் பெருவிழுங்கணுக்கள் களத்தைத் துப்புரவு செய்து, புதிய திசு வளர வழி செய்கின்றன. தொடையிடுக்கில் கட்டிய நெறியும் இப்போரின் ஒரு பாசறைதான். காலிலிருந்து வடிந்து வரும் நிணநீர் அங்கே வடிகட்டப்படுகிறது.

இவற்றை மனிதன் கண்ணால் கண்டது நெடுங்காலத்துக்கு முன்பன்று. செருமனி நாட்டின் ருடால்ஃப் விர்ச்சோ, நோயின் இருப்பிடம் உடலின் அணுவே என்று 1858 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார். அதற்கு முன் இத்தாலியின் பதுவா நகரத்து மோர்காக்னி தம் 79 ஆம் வயதில், 1761 இல், இறந்தோர் உடல்களை ஆய்ந்து கண்டவற்றைத் தொகுத்து, நோய்க்கு உறுப்பில் இடமுண்டு என்று காட்டியிருந்தார். விர்ச்சோவோ உறுப்பைக் கடந்து அணுவுக்கே போய்விட்டார். ஆனால் சீழிலுள்ள அணுக்கள் அவ்விடத்துத் திசுவிலேயே பிறக்கின்றன என்று அவர் எண்ணினார். அவருடைய மாணவர் ஜூலியஸ் கோன்ஹைம், தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் விரித்து வைத்து, இரத்தக் குழாயிலிருந்து வெள்ளணுக்கள் வெளியேறுவதைக் கண்டு 1867 இல் எழுதினார். ஆசானின் கருத்தை மாணவரின் கண் திருத்திற்று. அத்தகைய மாணவர் வாய்ப்பது ஆசானின் பேறு என்றே நான் எண்ணுகிறேன்.

முள்ளின் கதையை முள்ளாலேயே மெய்ப்பித்தவர் உருசிய நாட்டு மெச்னிக்கோவ். 1882 ஆம் ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த அவர், ஒளி ஊடுருவும் உடலைக் கொண்ட விண்மீன் உயிரியின் இளம்பருவக் குஞ்சுகளுக்குள் தோட்டத்து ரோஜாச் செடியின் முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன! அவ்வுயிரிக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பு நோவும் நம்மைப் போல் இல்லை. ஆயினும் அந்நியப் பொருளைச் சூழ்ந்து எதிர்க்கும் குணம் இருந்தது. இவ்வாய்வின் வழியே வளர்ந்த கருத்துக்காக 1908 இல் அவருக்குப் பால் எர்லிக்குடன் நோபல் பரிசு கிடைத்தது.

நம் மூதாதையரான மருத்துவ மேதைகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனிநூல் எழுதிய அபூபக்கர் அல்-ராஸி, நோயாளியின் உடலில் தோன்றும் குறிகளை அவ்வளவு நுணுக்கமாகக் கண்டவர். முதுகுவலியும் அமைதியின்மையும் எந்த நோயில் மிகும் என்பதுகூட அதில் உண்டு. ஆனால் அம்மை எவ்வாறு உண்டாகிறது என்பதற்கு அவர் தந்த விளக்கம், இளம்பருவத்து இரத்தம் புளித்துப் பொங்குவது என்பதே. கண்டது முழுதும் சரி. இடைவழியைப் பற்றிய ஊகம் தவறு. நம்மவர் பெருமையைப் பேசும் மேடைகளில் முதற்பாதி மட்டுமே சொல்லப்படுகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதால் அப்பெரியாரின் மதிப்பு குறைந்துவிடாது. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாத காலத்தில் கண்ணொன்றையே கருவியாகக் கொண்டு அவ்வளவு தொலைவு சென்றவர் அவர்.

அணையாத தீ

அடுப்புத் தீயைப் போலத்தான் இதுவும். வேலை முடிந்ததும் அணைய வேண்டும். அணைப்பதற்கும் உடம்பிலேயே ஏற்பாடு உண்டு. அது தவறும்போதுதான் பெரும்பாலான துன்பங்கள் தொடங்குகின்றன.

காசநோயை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய கிருமியைக் கண்டறிந்த செய்தியை 1882 மார்ச் 24 அன்று இராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தார். அக்கிருமி உடலில் புகுந்தவர்களில் வாழ்நாள் முழுவதிலும் நோயாளியாகிறவர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரையே. ஏனையோரிடம் வெள்ளணுக்கள் கிருமியைச் சுற்றி மதில் எழுப்பி அடைத்து வைத்துவிடுகின்றன. ஆகவே கிருமி ஒன்றே நோயன்று. நோயாகிவிட்டவரின் நுரையீரலில் குழிகள் விழுகின்றனவே, அவற்றைத் தோண்டுவதில் பெரும்பங்கு கிருமியை எதிர்க்கும் உடலின் சினத்துக்கே உரியது.

கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில் உலகமே இப்பாடத்தைப் படித்தது. முதல் வாரத்தில் வைரஸ் பெருகுகிறது. பின்னர் பலருடைய நிலை மோசமானது, அவர்தம் உடலின் அழற்சி கட்டுமீறி நுரையீரலைத் தாக்கியதால். 2020 ஜூன் திங்களில் இங்கிலாந்தின் பெரும் ஆய்வொன்று, டெக்ஸாமெத்தசோன் என்னும் பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்து செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று அறிவித்தது. வைரசை அது கொல்லவில்லை. உடம்பின் தீயைத் தணித்தது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது: பிராணவாயு தேவைப்படாத நோயாளிகளுக்கு அம்மருந்தால் நன்மை இல்லை. இந்த இரண்டாம் செய்தி நம் நாட்டில் பலர் காதில் ஏறவில்லை. 2021 இல் தாமாகவே கடையில் வாங்கியும், தேவைக்கு மேல் நெடுநாள் உட்கொண்டும் வந்தவர்கள் எத்தனையோ பேர். தேவையான தீயும் அணைந்துபோன உடலில், அதிலும் சர்க்கரை மிகுந்த உடலில், கருப்புப் பூஞ்சை புகுந்தது. இந்தியாவில் அவ்வாண்டு நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர். கண்ணை இழந்தோர் உண்டு, உயிரை இழந்தோரும் உண்டு. மருந்தின் பெயரை அறிந்திருந்தவர்கள், அது நோயின் எந்தக் கட்டத்தில் என்ன செய்கிறது என்பதை அறியாமற் போனதன் விலை அது.

மூளாத தீ

இப்போது மீண்டும் அந்தக் காலுக்கு வருவோம். அதே முள், அதே பாதை. ஆனால் நடப்பவர் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். மாலையில் அவருக்கு வலி இல்லை. மறுநாளும் இல்லை. காலுறையில் ஈரம் கண்டு வீட்டார் பார்க்கும்போது ஒரு வாரம் கடந்திருக்கிறது.

என்ன நடந்தது? இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் அது நரம்புகளைக் கெடுக்கிறது. மிக நீளமான நரம்புகளே முதலில் கெடும். அவை முடிவது பாதத்தில். எனவே உணர்வு மங்குவது விரல் நுனியிலிருந்து தொடங்குகிறது. வியர்வையை ஆளும் நரம்பும் கெடுவதால் தோல் உலர்ந்து பித்தவெடிப்பு உண்டாகிறது. அது கிருமிக்குத் திறந்த கதவு. இரத்தக் குழாய்கள் குறுகுவதால், விரிந்து சிவக்க வேண்டிய இடம் போதிய இரத்தமின்றிக் கிடக்கிறது. வந்து சேரும் வெள்ளணுக்களும் மிகைச் சர்க்கரையில் மந்தமாகி, விழுங்க வேண்டியதை விழுங்குவதில்லை. நான்கு அடையாளங்களில் வலி போயிற்று. சிவப்பும் சூடும் பலருக்குக் குன்றிவிட்டன. காவலனும் இல்லை, கூவி எழுப்புவாரும் இல்லை. உள்ளே சீழ் எலும்புவரை இறங்கிய பின்பே செய்தி வெளிவருகிறது. அப்போது மருத்துவர் காலை எடுக்க வேண்டும் என்கிறார், "ஒரு சின்ன முள்ளுக்கா?" என்று குடும்பம் திகைக்கிறது.

வலியின்மை எவ்வளவு கொடிய நோய் என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டிய ஆராய்ச்சி நம் தமிழ் மண்ணில் நடந்தது. கொல்லிமலையில் 1914 இல் பிறந்து, 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். தொழுநோயில் தசை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே அன்று மருத்துவரும் நம்பினர். அவர் கண்டது வேறு. கிருமி நரம்பைக் கெடுத்து உணர்வை அழிக்கிறது. தசை ஏனையோர் தசையைப் போன்றதே. சுடும் பாத்திரத்தைப் பிடித்தும், புண்ணான காலை ஊன்றி நடந்தும், உறங்கும்போது எலி கடித்ததை அறியாமலும் நாள்தோறும் சிறிது சிறிதாக அவர்கள் விரல்களை இழந்துவந்தனர். எலிக்காகப் பூனை வளர்க்கச் சொன்ன மருத்துவர் அவர்! நடுவழியைச் சரியாகக் கண்டதால் மருத்துவமே மாறிற்று. காலணியும், காயத்தைக் கண்காணிக்கும் பழக்கமும் மருந்துக்கு நிகரான சிகிச்சைகளாயின. பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் நகரத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற அவர், உணர்விழந்த நீரிழிவுப் பாதமும் இதே வழியில்தான் கெடுகிறது என்று காட்டி, புண்ணுக்குச் சுமை படாதபடி காலில் வார்ப்புக் கட்டுப் போடும் முறையை அங்கே பரப்பினார்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023 இல் தெரிவித்தது. நம் வீடுகளில் அது இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணலாம். இனிப்பைக் குறைப்பது பற்றி அவ்வீடுகளில் நாள்தோறும் பேச்சு நடக்கிறது. பாதத்தைப் பற்றிப் பேசுவோர் அரிது.

தொழுகையாளிகளுக்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. நாளுக்குப் பலமுறை உளூச் செய்து காலைக் கழுவுகிறவர், கழுவும்போதே உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துக்கொள்ளலாம். குனிய இயலாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். அல்லது ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் கழுவிய ஈரம் விரலிடுக்கில் தங்கினால் அங்கே தோல் ஊறி வெடித்துப் புண்ணாகும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது அவசியம். குளிர்காலத்தில் வெந்நீரைக் காலால் சோதிக்கக் கூடாது. முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கோடையில் ஜும்ஆ முடிந்து, சுடும் தளத்தில் செருப்பைத் தேடி அலைகிறோமே, உணர்வுள்ளவர் துள்ளி ஓடுவார். உணர்வற்றவர் நிதானமாக நடப்பார். கொப்புளம் கண்ட பிறகே தெரியும். புனித ஹஜ் பயணத்தில் இவ்வாறு பாதம் வெந்துபோன நீரிழிவாளர்களை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். காலில் புண் உள்ளவருக்கு நீர் கேடு செய்யுமெனில் காயக்கட்டின் மீது தடவுவதற்கும் தயம்முமுக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விவரத்தைத் தத்தம் மத்ஹபு அறிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்க. சலுகையை மறுத்துப் புண்ணை நனைப்பதைப் பக்தி என்று எவரும் கருத வேண்டாம்.

ஆணிக்காலை வீட்டிலேயே பிளேடால் செதுக்குவதும், மரத்துப்போன காலுக்குச் சுடுசெங்கல் ஒத்தடம் கொடுப்பதும் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. இரண்டையும் விட்டொழிக்க வேண்டும்.

பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று அறிவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை போதும். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும்படி அது செய்யப்பட்டிருக்கும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, பாதத்தின் சில இடங்களில் அதனை வளையும் வரை ஊன்றி, "தெரிகிறதா?" என்று கேட்பர். தெரியவில்லை என்று அவர் சொல்லும் இடத்தில் இனி ஒரு முள் தைத்தாலும் அவருக்குத் தெரியாது. நீரிழிவு உடையவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவர் விதி. சில நிமிடங்களே ஆகும். மருத்துவமனையில் எவரும் செய்யவில்லை எனில் காலணியைக் கழற்றி நாமே கேட்கலாம். செவிலியர் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, அந்த இழை ஒன்றைப் பையில் கொண்டுவந்து முதலில் தம் வாப்பாவின் காலில் வைத்துப் பார்க்கட்டும்.